பழைய காருக்கு மூன்று வருஷம்

அத்தியாயம் பதினேழு

கண்ணாயிரம் தன் வாழ்நாளில் யாருக்கும் எதற்கும் கேரண்டி கொடுத்தவர் அல்ல.

வாலாஜாபாத் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் முப்பத்திரண்டு வருஷமாக எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறார். கடைச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் அவரே எழுதிவைத்த வாசகம் இன்றும் இருக்கிறது: ‘படி இறங்கிய மோட்டாருக்கு முருகன்தான் பொறுப்பு.’

அப்படியும் கூட்டம் குறையவில்லை. தென்னேரியில் ஒரு விவசாயிக்கு அவர் கட்டிக்கொடுத்த மோட்டார், போட்ட முதல் நாளே கிணற்றுத் தண்ணீரோடு ஒரு விரால் மீனையும், அந்த மீனின் வாலைக் கவ்வியபடியே ஒரு தண்ணீர்ப் பாம்பையும் இழுத்து வரப்பில் போட்டது. மீன் அன்றே குழம்பாகிவிட்டது. பாம்பு யாருக்குச் சொந்தம் என்றுதான் பக்கத்து நிலத்துக்காரரோடு ஆறு மாதம் பஞ்சாயத்து நடந்தது.

அப்பேர்ப்பட்ட மனிதர் அந்த வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, செவிலிமேட்டில் தன் வீட்டு வாசலில், ஒரு பழைய சாம்பல் நிறக் காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அதற்குக் கேரண்டி வாங்குவதா, வேண்டாமா?

கார் வந்த கதை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். நடுவில் ஊருக்குப் போய்விட்டவர்களுக்காக நாலு வரி. மகன் யுவனுக்கு ஒரகடத்துத் தொழிற்சாலையில் வேலை. மருமகள் துர்காவுக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மருத்துவமனை லேபில் ரத்தம் எடுக்கும் வேலை. இரண்டு பேரும் விடியும் முன்பே பஸ்ஸுக்கு ஓடி ஓடிச் சலித்துப்போய், அந்தப் பக்கமே வாடகை வீடு பார்க்க ஆரம்பித்தார்கள். விஷயம் தெரிந்த நாலாம் நாள், ஆற்காட்டு வாத்தியார் ஒருவர் எட்டு வருஷம் ஓட்டிய காரை, பழைய கார் விற்கும் கடையிலிருந்து மகன் பேரிலேயே வாங்கி வாசலில் நிறுத்திவிட்டார் கண்ணாயிரம். அவருக்கு மொபெட் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது.

“இனிமே பஸ்ஸு இல்ல. வாடகை வூடு இல்ல. இங்கியே இருந்துக்கினு போய் வரலாம். இன்னாபா?” என்று அன்று கேட்டார்.

“சரிப்பா” என்றான் யுவன்.

அந்த ஒரு ‘சரிப்பா’வைக் கண்ணாயிரம் பத்திரப்பதிவு செய்துகொண்டு வந்ததைப்போல நெஞ்சுக்குள் வைத்திருந்தார்.

கார் வாங்கி முப்பது நாளுக்குள் கூடுதல் வாரண்டி எடுத்துக்கொள்ளலாம் என்பது கடையின் சட்டம். ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம். முப்பதாவது நாள் இன்று. மாலை ஆறு மணியோடு சரி. கடைக்காரரின் ஆள் இளங்கோவன், மூன்று நாளாக இதைப் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். இளங்கோவன் பேச ஆரம்பித்தால் எதிராளி போனை வைக்க முடியாது. ஒரு தடவை அப்படி அவரிடம் மாட்டிக்கொண்ட ஒருவருக்கு, பேச்சு முடிந்து கண்ணாடியைப் பார்த்தபோது மீசை நரைத்திருந்தது.

இன்ஜினைப் பற்றி கண்ணாயிரத்துக்குக் கவலை இல்லை. அதைக் காது வைத்துக் கேட்டாயிற்று. அவர் கணக்கு வேறு. மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டால் மூன்று வருஷம் இந்த வண்டி இந்த வாசலில் நிற்கும். வண்டி நின்றால், அதை ஓட்டுகிறவனும் இங்கேதான் நிற்க வேண்டும்.

யுவன் வாசற்படியில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான்.

“எத்தினி வருஷம் போடலாம்பா?”

யுவன் கட்டிய லேஸை அவிழ்த்தான். மறுபடி கட்டினான். “அதெல்லாம் எதுக்குப்பா? வண்டி நல்லாத்தான ஓடுது.”

“ஒரு வருஷமாச்சும்?”

“வேஸ்ட்டுபா.”

“அப்போ மூணு போடட்டா?”

“ஒண்ணே வேணான்றேன். நீ மூணுன்றியே!”

கண்ணாயிரம் மருமகள் பக்கம் திரும்பினார். “நீ இன்னாமா சொல்றே?”

துர்கா தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் வைத்து, எடுத்து, திரும்ப வைத்தாள். “உங்க இஷ்டம் மாமா.”

கார் கிளம்பிப் போனது. புகை அடங்கும்வரை பார்த்திருந்துவிட்டு உள்ளே வந்தார். அடுப்படியிலிருந்து ஜெயம்மாள் இரண்டு சிறிய பொட்டலங்களோடு வந்தாள். மந்தாரை இலையில் மடித்து நூல் சுற்றியவை.

“அவங்கள ஏன் கேட்டுக்கினு? சாமியக் கேட்டுட்டு வாயா. பூ கட்டி வச்சிருக்கேன். ஒண்ணுல செவப்பு அரளி, ஒண்ணுல வெள்ள நந்தியாவட்டை. செவப்பு வந்தா வாங்கு. வெள்ள வந்தா விட்டுடு.”

அந்தக் குடும்பத்தில் பூ கேட்காமல் பெரிய காரியம் எதுவும் நடந்ததில்லை. போர்வெல் போட்டது பூ கேட்டுத்தான். யுவனுக்குப் பெண் எடுத்ததும் பூ கேட்டுத்தான். போர்வெல்லைப் பற்றி இதுவரை புகார் இல்லை.

*

எல்லையம்மன் கோயிலில் பூசாரி கலியாணசுந்தரம் விளக்குத் திரியை நிமிண்டிக்கொண்டிருந்தார்.

“இன்னா கேள்வி கண்ணாயிரம்?”

“காரு கேரண்டி.”

“கேரண்டியா? அம்மனுக்கு இது புதுசு. போன வாரம் ஒருத்தன் பர்சனல் லோனுக்குக் கேட்டான்.”

“இன்னா சொல்லிச்சு?”

“வேணான்னுச்சு. அவன் மூணு கோயில் மாறிப் போயி வாங்கிட்டான்.”

பூசாரி இரண்டு பொட்டலங்களையும் வாங்கி, கற்பூரத் தட்டில் போட்டுக் குலுக்கி, அம்மன் காலடியில் உருட்டிவிட்டார். இனி எது எதுவென்று அவருக்கும் தெரியாது. எடுப்பதற்கு ஒரு சின்னப் பிள்ளை வேண்டும். பிள்ளைகளெல்லாம் பள்ளிக்கூட வேனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். கலியாணசுந்தரம் வெளியே எட்டிப் பார்த்து, பூக்கடை பட்டம்மாளைக் கூப்பிட்டார்.

“எனக்கு எண்பத்தோரு வயசுபா.”

“பல்லு இருக்குதா?”

“எங்க இருக்குது?”

“அப்போ கொழந்தைதான். வந்து எடு.”

பட்டம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பூசாரி நூலை அவிழ்த்தார். இலைக்குள் நந்தியாவட்டை, வெள்ளை வெளேர் என்று இருந்தது.

“வேணாம்னு உத்தரவு” என்று பூவைக் கையில் கொடுத்தார் கலியாணசுந்தரம். “காசு மிச்சம். போ.”

கண்ணாயிரம் அம்மன் காலடியில் கிடந்த இன்னொரு பொட்டலத்தைப் பார்த்தார். காசு மிச்சமாக வேண்டும் என்று அவர் வரவில்லை.

“இன்னொண்ணு?”

“அதப் பிரிக்கக் கூடாது. வேப்பமரத்தடில வச்சிட்டு, திரும்பிப் பாக்காம போயிடணும். சாமிய செக் பண்ணக் கூடாது கண்ணாயிரம்.”

வேப்பமரத்தடிவரை அவரும் அந்த எண்ணத்தில்தான் போனார். ஆனால் மூடியிருக்கும் எதையும் திறக்காமல் இருக்கத் தெரியாத கை அது. முப்பத்திரண்டு வருஷமாக எந்த மோட்டாரையும் மேலே தட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்ததில்லை. கடைசியாக ஒருமுறை சிவப்பைப் பார்த்துவிட்டுப் போகலாம், வந்திருக்க வேண்டியது எது என்று தெரிந்துகொள்ளலாம் என்று மரத்துக்குப் பின்னால் குந்தி, நூலை உருவினார்.

வெள்ளை.

இலையைத் திருப்பிப் பார்த்தார். உதறினார். தரையில் தேடினார். சிவப்பு அரளியில் ஓர் இதழ்கூட இல்லை.

கையில் நூல் மட்டும் இருந்தது. மூன்று சுற்று, கடைசியில் ஓர் இழுப்புச் சுருக்கு. முப்பது வருஷமாக அவருடைய மதியச் சாப்பாடு அந்தச் சுருக்கில்தான் கடைக்கு வந்தது. ஊரில் ஜெயம்மாளைத் தவிர வேறு யாருக்கும் அது போட வராது.

*

நேராக வீட்டுக்குப் போய்க் கேட்டிருப்பார். ஆனால் குறுக்குத் தெருவில் தறிக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, இடுப்பு உயரத்துக்கு, அரக்கு நிறப் பட்டு இழைகள். நாலைந்து பேர் இருபக்கமும் நின்று கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். பாவு காயும்வரை அந்தத் தெருவில் யாரும் குறுக்கே போகக் கூடாது. ஒரு தடவை மந்திரி ஒருவரே அங்கே முக்கால் மணி நேரம் நின்று, பொழுது போகாமல் இரண்டு அறிக்கைகள் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

“அண்ணே, மொபெட்ட ஆஃப் பண்ணு. தூசி பறக்குது” என்றான் கஞ்சி தடவிக்கொண்டிருந்த பாண்டியன்.

“எவ்ளோ நேரம்பா?”

“அரை மணி. இன்னா அவசரம்? வூட்லதான அண்ணி இருக்காங்க, எங்க போயிடப் போறாங்க?”

கண்ணாயிரம் மொபெட்டை நிறுத்திவிட்டு நின்றார். சட்டைப் பையில் இரண்டு வெள்ளைப் பூக்கள்.

முதலில், மறந்துபோய் இரண்டிலும் ஒரே பூவை வைத்துவிட்டாள் என்று நினைத்தார். ஆனால் ஜெயம்மாள் ரசத்தில் போட்ட மிளகைக்கூட எண்ணிச் சொல்வாள். அப்படியானால் காசைப் பார்த்திருப்பாள் என்று நினைத்தார். அதுவும் நிற்கவில்லை. காசு விஷயத்தில் அவள் புருஷனை நேருக்கு நேராகவே ஏமாற்றுவாள். அதற்குச் சாமியை நடுவில் இழுக்க மாட்டாள்.

வாயால் சொல்ல முடியாத ஏதோ ஒன்று இருக்கிறது. வாரண்டியே தேவையில்லாமல் செய்கிற ஏதோ ஒன்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பாவின் மறுபக்கத்தில் அவர் வீட்டு மாடிக் கொடியில் யுவனின் சட்டை காய்வது தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் நின்றார். வாசலில் வண்டி இருந்த இடம் காலியாகத் தெரிந்தது.

பாண்டியன் ‘போலாம்ணே’ என்று சொன்னபோது, அவருக்கு வீட்டுக்குப் போகவே விருப்பம் இல்லை.

*

ஜெயம்மாள் முறத்தில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். கண்ணாயிரம் இரண்டு பூக்களையும் கீரைமேல் வைத்தார்.

அவள் பார்த்தாள். கை நின்றது.

“பிரிச்சியா? அதப் பிரிக்கக் கூடாதுயா!”

“காயில் கட்டுறவன் கையில மூடி வச்சதக் குடுத்தா பிரிக்காம இருப்பானா? இத்தினி வருஷம் குடும்பம் பண்ணி இதுகூடவா தெரியல உனக்கு?”

அவள் ஏற்கெனவே உருவிய காம்பையே மறுபடி உருவினாள்.

“இன்னாமே விஷயம்? சொல்லு.”

“அவன் சொல்லுவான்.”

“அவன் எங்க சொல்றான்? ஷூ லேஸத்தான் கட்டிக் கட்டி அவுக்கறான். நீ சொல்லு.”

ஜெயம்மாள் முறத்தைத் தள்ளி வைத்தாள். “அவனுக்கு குஜராத்துல போட்டுட்டாங்கயா. அந்தக் கம்பெனி மிஷினு லைனையே அங்க தூக்கிக்கினு போறாங்களாம். வந்தா வேலை இருக்குது, வரலன்னா கணக்கு முடிச்சிக்கோன்னு சொல்லிட்டாங்க. போறேன்னு எழுதிக் குடுத்துட்டான்.”

வெளியே காய்கறி வண்டிக்காரர் ஒலிபெருக்கியில் வெங்காயத்தின் விலையைச் சொல்லிக்கொண்டே போனார்.

“எப்போ தெரியும் உனக்கு?”

“ஒரு வாரமா.”

“ஆர்டரு எப்போ வந்துச்சாம்?”

அவள் தள்ளி வைத்த முறத்தை மறுபடி இழுத்துக்கொண்டாள்.

“ஜெயா. எப்போ வந்துச்சு?”

“வண்டி எடுக்கறதுக்கு மொத நாளு.”

கண்ணாயிரம் சுவரில் சாய்ந்தார். வண்டி எடுத்த அன்றைக்குக் கேட்ட ‘சரிப்பா’வை அவர் மறுபடி ஒருமுறை காதுக்குள் ஓட்டிப் பார்த்தார். ஒரு மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே எந்தச் சுற்றில் எரிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். மகனின் குரலில் எரிந்த வாடை அவருக்கு அன்றைக்கு வரவில்லை.

“அப்போவே சொல்றதுக்கு இன்னா?”

“எப்படிச் சொல்றது? நீ வண்டிக்கு மாலை போட்டுக்கினு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சிக்கினு, தெருவையே கூட்டி வச்சிக்கினு நின்னியே. ‘அம்மா, அப்பா மூஞ்சப் பாத்தா வாய் வரல’ன்னு அழுவறான்யா.”

“சரி, அவனுக்கு வாய் வரல. உனக்கு?”

“எனக்கும் வரல.” அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “சாமி சொன்னா நீ தாங்கிப்பேன்னு நெனச்சேன்.”

“சாமி கேரண்டி வேணான்னுதான சொல்லும். புள்ள போறான்னு பூவு சொல்லுமா?”

“மொதல்ல இத வேணாம்னு சொல்லட்டும். அடுத்த வாரம் இன்னொண்ணு கேக்க வச்சா... கொஞ்சம் கொஞ்சமா...”

தவணை முறையில் சொல்லத் திட்டம் போட்டிருக்கிறாள். வேறொரு நாளாக இருந்தால் கண்ணாயிரம் சிரித்திருப்பார்.

“எனக்குத் தெரியும்னு அவங்கிட்ட சொல்லாத” என்றார்.

“ஏன்யா?”

“அவன் வாயால கேக்கணும். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள. அது ஒண்ணு போதும் எனக்கு. எங்க வேணாப் போவட்டும்.”

சாப்பிடாமல் மொபெட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். அன்று மதியம் ஒரே ஒரு மோட்டார்தான் கட்டினார். அதை வாங்கிப் போன விவசாயி மறுநாள் வந்து, கிணற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது, வயல்தான் காய்கிறது என்று புகார் செய்தார். சுவரில் எழுதியிருந்ததைக் கண்ணாயிரம் கையால் காட்டினார். அவ்வளவுதான்.

*

மாலை ஐந்தரை. இளங்கோவன் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக வந்து இறங்கினார். ஐந்து நிமிஷம் கழித்து காரும் வந்தது. யுவன் இறங்கினான். துர்கா மறுபக்கம் இறங்கினாள். இளங்கோவன் காரை முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று படம் எடுத்தார். மீட்டரைப் படம் எடுத்தார். ஜெயம்மாள் கொண்டுவந்த காபியையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

“சார், இன்ஜின் கவர் ஆகும், கியர்பாக்ஸ் கவர் ஆகும். கிளட்ச், பிரேக், டயர், பேட்டரி, வைப்பர், பெல்ட், பல்பு, எலி கடிச்ச ஒயர் இதெல்லாம் கவர் ஆகாது.”

“அதாவது எது கெட்டுப்போவுமோ அது ஆகாது. எது கெட்டுப்போவாதோ அது ஆவும்” என்றார் கண்ணாயிரம்.

“கரெக்டா புரிஞ்சிக்கிட்டீங்க சார். ரொம்பப் பேருக்கு இது புரிய மாட்டேங்குது.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்ல சார். ஓட்டாம மாசக்கணக்குல நிறுத்தி வச்சு கெட்டுப்போனா மட்டும் செல்லாது. அப்படி யாரு சார் நிறுத்தி வைக்கப்போறாங்க?”

ஜெயம்மாள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வாசற்படியைத் தாண்டவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றாள்.

“எத்தனை வருஷம் சார் போடட்டும்?”

“மூணு.”

யுவன் நிமிர்ந்தான். “அப்பா, சாமி வேணாம்னு சொல்லிடுச்சாமே? அம்மா மத்தியானம் போன்ல சொன்னாங்க.”

“சாமி சொல்லிச்சு. நீ இன்னா சொல்றே?”

“நானும் காலைலயே சொன்னேனே, வேணாம்னு.”

“ஏன் வேணாம்? அதச் சொல்லு. காரணம் சொன்னா விட்டுடறேன்.”

யுவன் காரைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். அந்தக் கதவுக்குப் பின்னால் அம்மா நிற்பது அவனுக்குத் தெரிந்தது. “வண்டி... நல்லாத்தான் ஓடுது.”

“அது காரணமா?”

யுவன் சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

“யுவனு. மூணு வருஷம்பா. இந்தக் காசு ரெண்டு மாசம் நான் குனிஞ்சி காயில் சுத்தின காசு. தேவ இல்லன்னா தேவ இல்லன்னு சொல்லு. எனக்குக் கோவம் வராது. அம்மா மேல சத்தியம்.”

தெருவிளக்கு எரியத் தொடங்கியது. யுவனின் வாய் திறந்தது. மூடியது. “உன் இஷ்டம்பா” என்றான்.

கண்ணாயிரம் சட்டைப் பையிலிருந்து கவரை எடுத்து இளங்கோவனிடம் கொடுத்தார். இளங்கோவன் எண்ணிப் பார்த்துக்கொண்டு, டேப்லெட்டைத் தட்டினார்.

“ஓனர் நம்பருக்கு ஒரு ஓடிபி வரும் சார். ஆர்.சி. யார் பேர்ல இருக்குது?”

“புள்ள பேர்ல.”

யுவனின் போன் கீச்சென்று கத்தியது.

“அதைச் சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சது. பத்து நிமிஷம் டைம் இருக்கு தம்பி.”

கண்ணாயிரம் மகனை மட்டும் பார்த்தார். ‘இப்பவாச்சும்’ என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. முகத்தில் அதுதான் இருந்தது. பத்து நிமிஷம். ஒரு மாதமாகச் சொல்லாததைச் சொல்லப் பத்து நிமிஷம் தாராளம். போனைப் பையில் போட்டுவிட்டு, ‘அப்பா, கொஞ்சம் உள்ள வா’ என்று கூப்பிட்டாலே போதும். அவர் பின்னாலேயே போய்விடுவார். காசு போனால் போகட்டும்.

யுவன் திரையைப் பார்த்தான். அதில் அவன் பெயரும், வண்டி எண்ணும், மூன்று ஆண்டு என்பதும் இருந்தன. முழுதாக ஒரு நிமிஷம் ஓடியது.

“நாலு” என்றான்.

இளங்கோவன் தட்டினார்.

“ஒண்ணு. ஏழு.”

கதவுக்குப் பின்னாலிருந்து ஜெயம்மாளின் மூச்சு கேட்டது.

“ஏழு. பூஜ்யம்.” யுவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ரெண்டு.”

“சக்சஸ்!” என்றார் இளங்கோவன். “கங்கிராட்ஸ் சார். இனி மூணு வருஷத்துக்குக் கவலையே இல்லை. நிம்மதியா தூங்குங்க.” கண்ணாயிரத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கை திருப்பிக் குலுக்கவில்லை. இளங்கோவன் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. தெருமுனையில் ஒரு புது மாடி வீட்டு வாசலில் பழைய கார் ஒன்று நின்றிருந்ததைப் பார்த்துக்கொண்டே போனார்.

மூன்று பேர் வாசலில் நின்றார்கள். காரின் இன்ஜின் சூடு ஆறும்போது வரும் டிக் டிக் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்பாவிடம் உண்மையைச் சொல்வதைவிட, அப்பாவின் இரண்டு மாத உழைப்பைத் தண்ணீரில் விடுவது மகனுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. இப்படி ஒரு பயத்தை இந்தப் பிள்ளைக்கு எப்போது கொடுத்தோம் என்று கண்ணாயிரம் யோசித்தார். ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. இரைந்து பேசியதில்லை. கேட்டதையெல்லாம், கேட்காததையும் சேர்த்து, வாங்கி வாங்கி வாசலில் நிறுத்தியதுதான் மிச்சம். அவன் வாயை அடைத்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

காரின் கூரைமேல் கையை வைத்துக்கொண்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கும் குரலில் கேட்டார்:

“ரயிலு என்னிக்குப்பா?”

யுவனின் கையிலிருந்த சாவிக்கொத்து கீழே விழுந்தது. “அப்பா...”

“என்னிக்கு?”

“அப்பா, நான் சொல்லணும்னுதான்பா... தெனமும் வரும்போது இன்னிக்குச் சொல்லிடணும்னு... ஒரகடத்துலருந்து இங்க வர்ற வரைக்கும் அதத்தான்பா யோசிச்சிக்கினு வருவேன்.”

“தெரியும்பா. தேதியச் சொல்லு. துணிமணி எடுக்கணும். அந்தப் பக்கம் குளுரு ஜாஸ்தின்றாங்க. ரெண்டு பேருக்கும் ஸ்வெட்டரு வாங்கணும்.”

யுவன் முகத்தை மூடிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான்.

இதுவரை காரின் மறுபக்கத்தில் நின்றிருந்த துர்காதான் பேசினாள். லேபில் நோயாளியின் பெயரைக் கூப்பிடும் அதே தெளிவான, சத்தமில்லாத குரல்.

“அவருக்கு இருபத்தி மூணாந்தேதி மாமா. ஒரு ஸ்வெட்டரு போதும்.”

கண்ணாயிரத்துக்குப் புரியவில்லை. “ஏம்மா?”

“நான் போகல.”

யுவன் கையை முகத்திலிருந்து எடுத்தான். மெதுவாகத் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தான். அந்தச் செய்தி அவனுக்கும் அந்த வாசலில்தான் முதல் தடவையாகக் கிடைக்கிறது என்பதை, கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்த ஜெயம்மாள் அவன் முகத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

துர்கா குனிந்து கீழே கிடந்த சாவியை எடுத்தாள். யாரிடமும் அதைக் கொடுக்காமல் கைக்குள் மூடிக்கொண்டாள்.

(தொடரும்)